சேட்டுக்கு ஒரு மாதிரி, மேனேஜருக்கு ஒரு மாதிரி

மும்பையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறேன். நான் மாட்டுங்காவாசி, ஃபோர்ட்டில் ஆடிட் அலுவலகம். இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: கிளையன்டுக்கும் மேலதிகாரிக்கும் ஏற்றபடி எவ்வளவு மாறுவது, எதில் மாறக்கூடாது. அவற்றையே சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மேடம், நான் ஒரு சிஏ அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மூல்ஜி ஜேட்டா மார்க்கெட்டில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சேட்டின் டாக்ஸ் ஆடிட் என் பொறுப்பு. 34 சந்தேகங்களை எக்செல்லில் ஒழுங்காகப் போட்டு மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. ரிமைண்டர் போட்டேன், அதற்கும் இல்லை. கடைசியில் அவர் எங்கள் பார்ட்னருக்கு போன் போட்டு, "உங்க பையன் எனக்கு நோட்டீஸ் விடுறான்" என்று சொல்லியிருக்கிறார். நான் மரியாதையாகத்தான் எழுதியிருந்தேன். எங்கே பிசகியது?
– கே.எஸ்., டோம்பிவிலி

பதில்: தம்பி, உங்கள் மெயிலை மட்டும் எடுத்துப் பார்த்தால் அதில் குறையே இருக்காது. ஆனால் அந்த சேட் மெயிலில் வியாபாரம் செய்கிறவர் இல்லை. போனிலும் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டிலும் நேரிலும் பேசித்தான் அவர் கோடிக்கணக்கில் சரக்கு வாங்கி விற்கிறார். அப்படிப்பட்டவருக்கு அச்சடித்த மாதிரி 34 வரி வந்தால், வருமான வரி ஆபிஸிலிருந்து வந்த காகிதம் போலத்தான் தோன்றும். "நோட்டீஸ்" என்று அவர் சொன்னதில் கோபத்தைவிட பயம் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

முதலில் அந்த 34-ஐப் பிரியுங்கள். துணிக்கடை ஆடிட்டில் வரும் சந்தேகங்களில் பெரும்பகுதி கடையின் கணக்குப்பிள்ளையான முனீம்ஜி பதில் சொல்ல வேண்டியவை: பில் காணோம், ஃபிரைட் ரசீது இல்லை, இரண்டு லெட்ஜரில் ஒரே பார்ட்டி. இன்னும் சில, பேங்க் ஸ்டேட்மென்ட்டை வைத்து நீங்களே தீர்த்துக்கொள்ளக் கூடியவை. சேட் மட்டுமே பதில் சொல்ல முடிந்தது நாலோ ஐந்தோதான் தேறும். உறவினரிடம் வாங்கிய கடன், சொந்தச் செலவா கடைச் செலவா என்று தெரியாத தொகை, பழைய பாக்கி வருமா வராதா, இப்படி. அந்த நாலைந்தை மட்டும் ஒரே தாளில், பெரிய எழுத்தில், ஹிந்தியில் எழுதிக் கொண்டுபோங்கள். தொகையை இடது பக்கம் போடுங்கள். வியாபாரிகளின் கண் முதலில் தொகைக்குத்தான் போகும்.

முனீம்ஜியை ஓரங்கட்டிவிட்டு நேராக சேட்டிடம் போகாதீர்கள். அவர் அந்தக் கடையில் பல வருடமாக உட்கார்ந்திருப்பவர். நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்த பாக்கிகூட அவருக்கு மனப்பாடமாக இருக்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "முனீம்ஜி, இதை எனக்கு விளக்குங்க" என்று கேட்டால் பாதி லிஸ்ட் அன்றே அடிபட்டுவிடும். அப்புறம் சேட்டிடம் போகும்போது அவரே உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்வார்.

காலம் சொல்லிக் கேட்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வரிக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓடும். ஆனால் பழைய குஜராத்தி வியாபாரியின் மனதில் வருடம் தீபாவளிக்குத் தீபாவளி. அன்றைக்குத்தான் சோப்டா பூஜை செய்து புதுக் கணக்குப் புத்தகம் வைப்பார்கள், மறுநாள் அவர்களுக்கு வருடப் பிறப்பு. "இரண்டாவது குவார்ட்டரில் வந்த பர்ச்சேஸ்" என்றால் முகத்தைச் சுளிப்பார். "நவராத்திரிக்கு முன்னால சூரத்திலிருந்து வந்த சரக்கு" என்று சொல்லுங்கள், லாரி வந்து நின்ற இடம் முதற்கொண்டு சொல்லுவார்.

சட்டத்தைச் சொல்வதும் அப்படித்தான். 2023-24 கணக்கு வருடத்திலிருந்து வருமான வரியில் 43பி(எச்) என்று ஒரு விதி வந்தது. சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் கொடுக்க வேண்டும். கெடு தாண்டியும் மார்ச் 31 அன்று பாக்கி நின்றால், அந்தச் செலவை அந்த வருடம் கழிக்க முடியாது. பணம் கொடுக்கும் வருடத்தில்தான் கழியும். துணி வியாபாரத்தில் மாதக்கணக்கில் கடன் ஓடுவது வழக்கம் என்பதால் இது மார்க்கெட்டையே உலுக்கியது. அந்தச் சமயத்தில் என் கிளையன்டுகளுக்கு நான் செக்‌ஷன் நம்பரோடு சர்க்குலர் அனுப்பவில்லை. ஒவ்வொருவரின் கிரெடிட்டர் லிஸ்டையும் (யார் யாருக்குப் பணம் பாக்கி என்ற பட்டியல்) எடுத்து, சிறு நெசவாளர் பெயர்களில் மஞ்சள் கோடு போட்டு, "இந்த எட்டுப் பேருக்கு மார்ச்சுக்குள்ளே கொடுத்துடுங்க. இல்லேன்னா இந்தத் தொகைக்கு லாபமே இல்லாம வரி கட்டணும்" என்று தொகையைச் சொன்னேன். "லாபமே இல்லாம வரி" என்றதும் செக் புத்தகம் மேசைக்கு வந்துவிட்டது.

ஒன்றே ஒன்று கவனம். பேச்சில் கிடைத்த பதில் ஆடிட் ஃபைலுக்குப் போதாது. ஆதாரம் கோப்பில் இருக்க வேண்டும் என்று ஆடிட் தரவிதியான எஸ்ஏ 230 சொல்கிறது, நிர்வாகத்தின் எழுத்துபூர்வமான உறுதிமொழிக்கு எஸ்ஏ 580 இருக்கிறது. ஆகவே பேசிவிட்டு வந்த அன்றே, அவர் சொன்னதை நாலு வரியில் எழுதி மெயிலில் போட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் நோட்: "சேட், நீங்க சொன்னதை எழுதி அனுப்பியிருக்கேன், சரியா இருந்தா 'சரி'ன்னு பதில் மட்டும் போடச் சொல்லுங்க." பெரும்பாலும் மகனோ மருமகளோ போட்டுவிடுவார்கள். டாக்ஸ் ஆடிட் கெடுவான செப்டம்பர் 30 நெருங்க நெருங்க எல்லோருக்கும் கை கால் ஓடாது. ஜூலையிலேயே முதல் நடை போய்விடுங்கள்.

கேள்வி: மேடம், நான் திருநெல்வேலியிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. ஹிந்தி சினிமா அளவுக்குப் புரிகிறது. ஆனால் கிளையன்ட் மீட்டிங்கில் வாயைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. நான் பேசினால் சிரிப்பார்களோ?
– எம்., தாராவி

பதில்: உச்சரிப்பைப் பற்றி இந்த ஊர் அவ்வளவாகக் கவலைப்படாது. குஜராத்தியும் பீகாரியும் மலையாளியும் அவரவர் ஹிந்தியைத்தான் பேசுகிறார்கள். உங்களை உண்மையிலேயே தடுக்கி விழ வைக்கப்போவது எண்கள்தான். ஹிந்தியில் ஒன்று முதல் நூறு வரை தனித்தனியாக மனப்பாடம் செய்தே ஆகவேண்டும். உன்சட் என்றால் 59, உன்ஹத்தர் 69, உன்னாசி 79. மீட்டிங்கில் வேகமாகச் சொல்லும்போது இவை காதில் ஒன்றாகவே விழும். அதோடு டேட் லாக் என்றால் ஒன்றரை லட்சம், டாய் லாக் இரண்டரை, சாடே தீன் மூன்றரை, பௌனே தோ கரோட் என்றால் ஒன்றே முக்கால் கோடி. "தோ" மட்டும் காதில் விழுந்து இரண்டு கோடி என்று எழுதிக்கொண்டு வந்தால் கால் கோடி காற்றில் போயிற்று. தினமும் லோக்கலில் வரும்போது இதை மட்டும் சொல்லிப் பழகுங்கள். தொகை காதில் விழுந்ததும் எழுதிக் காட்டி, "இதானே?" என்று கேட்டுவிடுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள், நம்பிக்கைதான் வரும். மஜ்காவ் ஜிஎஸ்டி பவனுக்குப் போகிறீர்கள் என்றால் நாலு வார்த்தை மராத்தியில் ஆரம்பியுங்கள். மீதியை ஹிந்தியில் பேசினாலும் அந்த ஆரம்பத்துக்கு மதிப்பு உண்டு.

கேள்வி: மேடம், சிஏ படிப்புக்கான அலுவலகப் பயிற்சியான ஆர்டிகிள்ஷிப்பில் இருக்கிறேன். முதல் மேனேஜர், "சந்தேகம் வந்தா உடனே கேளு" என்பார், நானும் வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகக் கேட்பேன். இப்போது வேறு மேனேஜர். அதே மாதிரி கேட்டால், "அரைகுறையா எதுக்கு வர்றே, முடிச்சிட்டு வா" என்கிறார். முடித்துக்கொண்டு போனால், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்கிறார். எப்படித்தான் இருப்பது?
– ஆர்., முலுண்ட்

பதில்: உங்கள் தவிப்பு எனக்கு நன்றாகப் புரிகிறதும்மா. இதில் உங்கள் திறமைக்குக் குறைவில்லை. முதல் மேனேஜரிடம் பழகிய பழக்கத்தை இரண்டாமவரிடமும் அப்படியே கொண்டுபோயிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆர்டிகிள்ஷிப் 3 வருடமாக இருந்தபோது ஒருவரைப் புரிந்துகொள்ள ஆறு மாதம் எடுத்துக்கொள்ளலாம். 2023 ஜூலையில் வந்த புதுத் திட்டத்தில் அது 2 வருடமாகிவிட்டது. இப்போது அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது, முதல் வாரத்திலேயே வாயைத் திறந்து கேட்டுவிட வேண்டும். "சார், சந்தேகங்களைச் சேர்த்துவைத்துச் சாயங்காலம் ஒரே தடவையாகக் கேட்கட்டுமா? எந்த மாதிரி விஷயம் என்றால் உடனே சொல்ல வேண்டும்?" இப்படிக் கேட்டால் எந்த மேனேஜரும் கோபப்பட மாட்டார். பலருக்கு இதை யாரும் கேட்டதே இல்லை.

அவர் ஏன் இரண்டு பக்கமும் குறை சொல்கிறார் என்பதையும் யோசியுங்கள். 2019-லிருந்து ஆடிட் ரிப்போர்ட் ஒவ்வொன்றுக்கும் யுடிஐஎன் என்ற தனி அடையாள எண் வாங்க வேண்டும். அதன் 18 இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கம் வருடத்தைக் குறிக்கும், அடுத்த ஆறு இலக்கம் கையெழுத்துப் போடும் பார்ட்னரின் மெம்பர்ஷிப் நம்பர். நீங்கள் டிக் போட்ட வவுச்சரில் ஓட்டை இருந்தால், கேள்வி அந்த நம்பரைத் தேடித்தான் வரும். பார்ட்னர் உங்கள் மேனேஜரைக் கேட்பார். ஆகவே சின்னச் சந்தேகங்களால் அவர் நேரம் போகக்கூடாது, பெரிய ஓட்டை கடைசி நாளில் தெரியவும் கூடாது. அவர் சொன்ன இரண்டும் சேர்ந்தே சரிதான். ரசீது இல்லாத 800 ரூபாய் ஆட்டோ செலவை லிஸ்டில் போட்டுவையுங்கள். ஸ்டாக் கணக்கு பொருந்தவில்லை என்றால் சாப்பாட்டு நேரமானாலும் போய்ச் சொல்லுங்கள்.

நாளும் பார்க்க வேண்டும். மாதாமாதம் 7-ந் தேதி டிடிஎஸ் (பிடித்துவைத்த வரி) கட்டும் நாள், 11 ஜிஎஸ்டிஆர்-1, 20 ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன்களுக்கு. அந்த நாட்களில் உங்கள் லிஸ்டை எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

எப்படி எழுதி அனுப்புகிறோம் என்பதில்தான் பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். தாணாவிலிருந்து ஃபாஸ்ட் லோக்கலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மேனேஜரால் உங்கள் எக்செல்லைத் திறக்க முடியாது. கிளையன்டுக்குப் பணம் தர வேண்டியவர்களிடம் பாக்கியை உறுதிசெய்து வாங்கும் டெப்டர்ஸ் கன்ஃபர்மேஷன் வேலை என்றால், அவருக்கு இப்படி அனுப்புங்கள்: "சார், டெப்டர்ஸ் கன்ஃபர்மேஷன் 20-ல் 14 வந்துவிட்டது. மீதி 6-ல் இரண்டு பெரிய தொகை. நாளை மதியம் நேரில் போய்க் கேட்கிறேன். நீங்கள் ஒரு போன் செய்தால் சீக்கிரம் நடக்கும், செய்கிறீர்களா?" நிலைமை என்ன, எது பாக்கி, நான் என்ன செய்யப்போகிறேன், உங்களிடமிருந்து என்ன வேண்டும், எல்லாமே போன் திரையில் தெரிந்துவிடும். வேறு ஒரு மேனேஜர் மேசையில் உட்கார்ந்து ஒர்க்கிங் பேப்பரைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறவர் என்றால், அவரிடம் இந்த நாலு வரி செல்லாது. ஃபைலையே எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஐரோலியில் ஒரு கம்பெனியில் லண்டன் கிளையன்டுக்கு வேலை செய்கிறேன். அங்கிருக்கும் மேனேஜர் மீட்டிங் கால் முடிவில் ஏதாவது சிக்கல் உண்டா என்று கேட்பார். எங்கள் டீமில் எல்லோரும் இல்லை என்போம். வெள்ளிக்கிழமை வேலை தள்ளிப்போனால் அவர் முகம் இறுகிவிடுகிறது. கத்துவதுகூட இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது.
– பி., கன்சோலி

பதில்: நம் வீடுகளில் பெரியவர்களிடம் கஷ்டத்தை முகத்துக்கு நேராகச் சொல்லாமல் இருப்பது ஒரு மரியாதை. அவருக்கு அது மறைத்ததாகத் தெரிகிறது. தாமதத்தைவிட அதைக் கடைசியில் கேள்விப்படுவதுதான் அவரைச் சங்கடப்படுத்துகிறது, ஏனென்றால் அவரும் மேலே ஒருவருக்குத் தேதி சொல்லியிருப்பார். புதன்கிழமையே, "வெள்ளிக்குள் முடியுமா என்பது எனக்குச் சந்தேகம், இந்த டேட்டா வரவில்லை, திங்கள் என்றால் உறுதி" என்று எழுதிவிடுங்கள். அவருடைய காலை 9 மணி நமக்குக் கோடையில் மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30. நீங்கள் சாப்பிடப் போகும் முன் அனுப்பினால் அவர் உட்காரும்போது பார்த்துவிடுவார், மாற்று ஏற்பாடு செய்ய முழு நாள் கிடைக்கும். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். லண்டன் நேரம் மதியம் 2 மணிக்கு வைக்கும் மீட்டிங் அக்டோபருக்குப் பிறகு நமக்கு 6.30 அல்ல, 7.30. வீட்டுக்குப் போகும் நேரம் தள்ளுவதால், டீமில் யாருக்குக் கஷ்டம் என்று முன்கூட்டியே பேசி, மீட்டிங்கை முன்னால் தள்ள முடியுமா என்றும் தயங்காமல் கேளுங்கள். வளைந்துகொடுப்பது உங்கள் பக்கம் மட்டும் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கேள்வி: பெயர் வேண்டாம் மேடம். அந்தேரியில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். ஏப்ரல் 3-ம் தேதி போன சரக்குக்கு மார்ச் 31 தேதியில் பில் போடச் சொல்கிறார் மேனேஜர். சேல்ஸ் டார்கெட்டுக்காக. "நீ புதுசு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கத்துக்கோ" என்கிறார். ஒவ்வொரு மேனேஜருக்கும் ஏற்றபடி இருக்க வேண்டும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?
– ஒரு வாசகி

பதில்: இல்லையம்மா, இது அந்தக் கணக்கில் சேராது. இதுவரை மேலே எழுதியதெல்லாம் எப்போது சொல்வது, எந்த மொழியில் சொல்வது, எவ்வளவு நீளமாகச் சொல்வது என்பதைப் பற்றி. அவையெல்லாம் ஆளுக்கு ஆள் மாறலாம், மாறவும் வேண்டும். தேதியும் தொகையும் யாருக்காகவும் மாறக்கூடாது. உங்கள் வயதில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனது கஷ்டப்படும்.

என்ன நடக்கும் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஏப்ரல் 1-லிருந்து கம்பெனிகள் பயன்படுத்தும் அக்கவுன்டிங் சாஃப்ட்வேரில் ஆடிட் டிரெயில் கட்டாயம். எந்த என்ட்ரி என்று போடப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது என்பது பதிவாகும், அதை அணைத்து வைக்கக்கூடாது. அந்த வசதி வருடம் முழுக்க ஓடியதா என்று ஆடிட்டர் ரிப்போர்ட்டில் சொல்லியாக வேண்டும். உங்கள் கம்பெனியின் டர்ன்ஓவர் 5 கோடிக்கு மேல் என்றால் 2023 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸும் (அரசு போர்ட்டலில் பதிவு செய்யும் பில்) உண்டு. பில்லில் நீங்கள் எந்தத் தேதியைப் போட்டாலும், போர்ட்டல் கொடுக்கும் அக்னாலட்ஜ்மென்ட் தேதி ஏப்ரலையே காட்டும். இ-வே பில்லும் சரக்கு கிளம்பிய நாளைக் காட்டும். நாங்கள் ஆடிட்டுக்கு உட்கார்ந்ததும் மார்ச் கடைசி வாரத்தையும் ஏப்ரல் முதல் வாரத்தையும்தான் முதலில் புரட்டுவோம். கட்-ஆஃப் டெஸ்ட் என்று அதற்குப் பெயர். அந்த பில் எங்கள் கையில் தானாக வந்து விழும். யார் போட்டது என்று பார்த்தால் உங்கள் யூசர் ஐடி நிற்கும், மேனேஜர் வாயால் சொன்னது எங்கும் பதிவாகியிருக்காது.

மறுப்பதை அவருக்கு ஏற்ற விதத்தில் மறுக்கலாம். நாலு பேர் முன்னால் வேண்டாம், தனியாகப் போங்கள். நியாயம் தர்மம் என்று ஆரம்பிக்க வேண்டாம், அவர் கவலைப்படும் விஷயத்திலிருந்தே பேசுங்கள்: "சார், இ-வே பில் ஏப்ரல் 3 காட்டுது. மார்ச்ல போட்டா ஆடிட்டர் எடுத்துடுவாங்க, அப்போ உங்களைத்தான் கேட்பாங்க. ஆர்டர் மார்ச்லயே கன்ஃபர்ம் ஆயிடுச்சு, பர்ச்சேஸ் ஆர்டர் நம்மகிட்ட இருக்கு. அதை வச்சு ஹெட் ஆபிஸுக்கு ஒரு நோட் தயார் பண்ணித் தரட்டுமா?" டார்கெட் நெருக்கடி அவருக்கு நிஜம். அதற்கு நேர்மையான ஒரு காகிதத்தை நீங்களே நீட்டினால் பெரும்பாலானவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

வாங்கிக்கொள்ளாமல் வற்புறுத்தினால், "சரி சார், மெயிலில் ஒரு வரி அனுப்பிடுங்க, அதை ஃபைல்ல வச்சுக்கறேன்" என்று சொல்லுங்கள். பொதுவாகப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். மெயிலே வந்தாலும் அந்த என்ட்ரியைப் போடாதீர்கள், அதை எடுத்துக்கொண்டு ஃபைனான்ஸ் ஹெட்டிடம் போங்கள். அங்கேயும் இதே பதில் என்றால் வேறு வேலை தேட ஆரம்பியுங்கள். கணக்கு ஒழுங்காகத் தெரிந்த பெண்ணுக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை. வீட்டில் என்ன சொல்வார்களோ என்று தயங்கினால், இந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் டாலி அக்கவுன்டிங் சாஃப்ட்வேரின் பாஸ்வேர்டு அலுவலகத்தில் வேறு யாருக்காவது தெரியுமென்றால் உடனே மாற்றிவிடுங்கள். நீங்கள் மறுத்த என்ட்ரியை உங்கள் ஐடியிலேயே வேறொருவர் போட்டுவிட்டால், அதை நீங்கள் போடவில்லை என்று நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம்.